குணம் அண்ணையின் அயர்லாந்து நாக்கு

மார்ச் மாத மொன்றியலில் காலடியில் கிடப்பது பனியா தண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் கொஞ்ச நாள் சேர்ந்து குடித்தனம் நடத்தி, சண்டை போட்டு, வீட்டைத் துடைக்காமல் விட்டுப்போன மாதிரி ஒரு சாம்பல் கூழ். அந்தக் கூழில் என் முதல் அடி, சென்னையில் இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய ஷூவுக்குள் இருந்தது. முன்பக்கம் பூவேலை மாதிரி சின்னச் சின்னத் துளைகள் போட்ட தோல் ஷூ. புரோக் என்று பெயர். "ஃபாரின்ல எல்லாரும் இதான் சார் போடுவாங்க" என்று விற்றவர் சத்தியம் செய்திருந்தார். விமான நிலைய வாசலில் நின்று பார்த்தேன். ஃபாரின் மொத்தமும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு நடந்துகொண்டிருந்தது.

என்னை அழைத்தது ஒரு சிறிய வாசகர் வட்டம். நான் எழுதுவது கவிதையா உரைநடையா என்பதில் எனக்கே ஒரு முடிவில்லை. அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கடல் தாண்டிக் கூப்பிடுகிறவர்கள்மேல் லேசான சந்தேகம் வரத்தான் செய்யும். தங்க இடம் கொடுத்தவர் வட்டத்தின் உறுப்பினரான வசந்தி அக்கா. ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமையல் செய்பவர். நகரின் வடக்கே மொன்றியல்-நோரில் வீடு. வீட்டுக்குப் போகும் மாடிப்படி வீட்டுக்கு வெளியே, மழைக்கும் பனிக்கும் நேர்ந்துவிட்டதுபோல் தொங்குகிறது. படியை வெளியே வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து குளிரைத் திட்டும் ஒரே நகரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

விமான நிலையத்துக்கு வந்தவர் அவருடைய கணவர் குணரத்தினம். ஊருக்கெல்லாம் குணம் அண்ணை. ஐம்பத்தாறு வயது, யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே. காரில் ஏறியதும் நான் பெருந்தன்மையுடன், "உங்க தமிழ் ரொம்ப இனிமையா இருக்குண்ணே" என்றேன். தமிழ்நாட்டுக்காரர்கள் ஈழத்தமிழரைக் கண்டதும் கொடுக்கும் நற்சான்றிதழ் அது. நாங்கள்தான் பரீட்சை அதிகாரிகள்.

அவர் வைப்பரை ஓடவிட்டுக்கொண்டே சொன்னார்: "நீங்கள் கதைக்கிறதும் நல்லாத்தான் இருக்கு தம்பி. படத்தில வாற மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு. நான் நாகர்கோவில்காரன். சென்னைக்குப் படிக்க வந்த முதல் வருடம், விடுதியில் நான் வாயைத் திறந்தாலே "மலையாளத்தான் வந்துட்டான்" என்பார்கள். இரண்டு வருடத்தில் நாக்கைச் சலவைக்குப் போட்டு, கஞ்சி வைத்து, மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டேன். அந்த நாக்கைத்தான் இவர் சினிமாவுக்குப் போகச் சொல்லுகிறார்.

மறுநாள் ஞாயிறு. நகரின் மேற்கே கர்க்லாண்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் கூட்டம். போகும் வழியெல்லாம் செம்மஞ்சள் கூம்புகள். சாலையைத் தோண்டிவிட்டுக் கூம்பை வைப்பார்களா, கூம்பு வைக்க இடம் வேண்டுமே என்று தோண்டுவார்களா என்பதில் இந்த நகரத்துக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. வீட்டு வாசலில் பூட்ஸ் குவியல். பனியில் நனைந்த எருமைகள் படுத்திருப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்று. அவற்றுக்கு நடுவில் என் துளை ஷூ கல்யாணத்துக்கு வந்து பாதை தவறிய பாகவதர் மாதிரி நின்றது.

கூட்டத்துக்குப் பதினொரு பேர். ஒருவர் தூங்கினார். அவர் தூங்கியதுகூடக் கவனமாகக் கேட்பதுபோன்ற தூக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். வாசித்து முடித்ததும் ஒரு அம்மா, "நல்லாயிருந்தது, ஆனா சீரியல் பாக்கிற மாதிரி இருந்தது" என்று பாராட்டினார். பிறகு ஆட்டிறைச்சி றோல்ஸ் வந்தது. மொறுமொறு தோலுக்குள் மிளகுக் காரத்தோடு ஆவி பறக்கும் கறி. என் வரிகளுக்குக் கிடைக்காத முழு மௌனம் அந்த றோல்ஸுக்குக் கிடைத்தது. நானும் மௌனமாக நான்கு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சைரன் ஊதியது. நான் படுக்கையிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வசந்தி அக்கா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, பனி அள்ளும் வண்டி வரப்போகிறது, அதற்குமுன் தெருவில் நிற்கும் கார்களை இழுத்துப்போக ஒரு லொறி வரும், அந்த லொறியின் ஊளைதான் இது என்றார். குணம் அண்ணை கட்டியிருந்த சாரத்துக்குமேல் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். இறங்குவது என்றால், பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து. வலது முழங்கால் மடங்கவில்லை. உதவப் போன நான் என் ஃபாரின் ஷூவோடு மூன்றாவது படியில் உட்கார்ந்து, ஏழாவது படியில் எழுந்தேன்.

கீழே லொறி அவருடைய காரின் முன்சக்கரத்தைத் தூக்கியிருந்தது. அண்ணை முதலில் பிரெஞ்சில் போன்ஜூர் சொன்னார். லொறிக்காரர் காதில் வாங்கவில்லை. அப்போது அண்ணை ஆங்கிலத்துக்கு மாறினார்.

நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ வெள்ளைக்காரர் வந்துவிட்டார் என்று. தெருவில் எங்களைத் தவிர யாருமில்லை. சாரம் கட்டிய யாழ்ப்பாணத்து மனிதரின் வாயிலிருந்து அயர்லாந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது. ரகரம் உருண்டது. ஒவ்வொரு வாக்கியமும் மேட்டில் ஏறி, உச்சியில் நின்று கீழே பார்த்தது. திட்டா பாட்டா என்று தெரியாத ஒரு தாளம். லொறிக்காரர் வாயைப் பிளந்து கேட்டுவிட்டுக் காரை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காலைச் சாப்பாட்டில் இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றியபடி அண்ணை கதையைச் சொன்னார். வந்த புதிதில் துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை. மேற்பார்வையாளர் மைக், அயர்லாந்தின் கோர்க் பக்கத்துக்காரர். பதினொரு வருடம் அண்ணை காதில் விழுந்த ஆங்கிலம் முழுக்க மைக்கின் வாயிலிருந்து, சரக்குப் பெட்டிகளுக்கு மேலாக, கத்தலாகவே விழுந்தது. ஆங்கிலம் என்றால் இதுதான் என்று அண்ணை எடுத்துக்கொண்டார். ஒருநாள் ஐரிஷ் தொழிலாளி ஒருவர், "ஏன் எங்கள் பேச்சைக் கிண்டல் செய்கிறாய்?" என்று சண்டைக்கு வந்தபோதுதான் தன் வாயில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததாம்.

படியோரம் உப்புக்கோடு விழுந்து காய்ந்துகொண்டிருந்த என் ஷூவைக் காட்டினார். "ஐரிஷ்காரன் கதைக்கிற விதத்துக்கும் இந்தச் சப்பாத்துக்கும் இங்கிலீசில ஒரே பேர்தான் தம்பி, புரோக். வாய்க்குள்ள சப்பாத்தை வச்சுக்கொண்டு கதைக்கிறான் எண்டு இங்கிலீஸ்காரன் நக்கலுக்கு வச்ச பேர் எண்டு மைக் சொல்லுவான். உண்மையோ பொய்யோ தெரியாது."

துளைகளுக்கும் மைக்கிடம் விளக்கம் இருந்தது. சதுப்பில் நடக்கிறவர்கள் காலுக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வழிந்துபோக அந்தக் காலத்தில் குத்திய துளைகளாம். பிறகு கனவான்கள் அதை அழகு என்று எடுத்துக்கொண்டு, துளையை உள்வரை போகாமல் அடைத்துவிட்டார்கள். ஏழையின் ஓட்டையை வாங்கி, அடைத்து, மெருகு போட்டு, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் சென்னையில் எனக்கு விற்றிருக்கிறார்கள். தண்ணீர் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. வெளியே போகத்தான் வழியில்லை.

உச்சரிப்பு என்பது எப்போதும் அடுத்தவனிடம் இருப்பது, வாய்நாற்றம் போல. பெயர் வைப்பவனுக்குத் தன் வாசம் தெரிவதில்லை. இதை நான் அன்று சாயங்காலமே நிரூபித்துக் காட்டினேன்.

விஷயம் இதுதான். பண்டகசாலைக்குப் பிறகு அண்ணை லொறி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்துபோய், இனி லொறியில் ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இலையுதிர் காலத்திலிருந்து அண்ணை வீட்டில். லொறி மனிதர் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று வசந்தி அக்கா எனக்குத் தனியாகச் சொன்னார்: ஜன்னலில் நின்று தெருவில் போகிற லொறிகளின் கியர் மாற்றத்தைத் திருத்துகிறாராம். யாரோடும் கதையில்லை. சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாராம். இப்போது துறைமுகத்தின் கிழக்கே ஒரு சரக்குக் கம்பெனியில் டிஸ்பாட்சர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அலுவலகத்தில் உட்கார்ந்து ரேடியோவில் லொறிக்காரர்களை எந்த வாசலுக்கு, எந்தப் பெட்டிக்கு என்று அனுப்புகிற வேலை. குரல்தான் முதல் தகுதி. தொலைபேசியில் இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டார்கள். மேலாளர் அம்மாவுக்குக் குரல் மிகவும் பிடித்துவிட்டதாம். செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்.

"இந்த வயசில இதுதான் கடைசி பஸ் தம்பி" என்றார் வசந்தி அக்கா.

நான் சும்மா இருந்திருக்கலாம். கவிஞர்களுக்குச் சும்மா இருப்பது வராது.

"அண்ணே, ஃபோன்ல சரி. நேர்ல அந்த ஐரிஷ் ராகம் வேண்டாம். கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சுக்குவாங்க. நிதானமா, சுத்தமா, ஒவ்வொரு வார்த்தையா பேசுங்க" என்றேன். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பயிற்சி நடந்தது. பழைய ரேடியோ செய்தி வாசிப்பாளரை நினைவில் வைத்து நான் வளர்த்த ஆங்கிலத்தை அவருக்கு ஊட்டினேன். அவர் மாணவர்போல் தலையாட்டினார். இடையிடையே கொட்டாவி விட்டார். அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வசந்தி அக்கா வினிகரில் துணியை நனைத்து என் ஷூவின் உப்புக்கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணையிடம் இருந்தவை பனி பூட்ஸும் இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்தும்தான். என் ஷூ அவருக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. "இஞ்சேருங்கோ, தம்பி சொல்லுறதைக் கேளுங்கோ. அவர் படிச்சவர்" என்றார் அக்கா. என் மனதில் ஒரு மயில் தோகை விரித்தது. அதை மறைக்க மாட்டேன்.

செவ்வாய் காலை. நெற்றியில் திருநீறு, கழுத்தில் டை, காலில் என் புரோக். நான் அவருடைய பூட்ஸுக்குள். முடிந்ததும் எனக்கு ஆற்றைக் காட்டுவதாகத் திட்டம், அதனால் கூடப் போனேன். கம்பெனி வாசலுக்கு உள்ளே, கண்ணாடிக் கதவுக்கு முன்னால், ஓர் அகலமான கறுப்புத் தட்டு. அதில் வரிசையாக ஈர பூட்ஸ்கள்.

ஒரு கதவுக்கு வெளியே செருப்பு வரிசையாகக் கிடந்தால் தமிழன் என்ன செய்வான்? யோசிக்கவே மாட்டான். அண்ணை குனிந்து லேஸை அவிழ்த்தார். நான் பூட்ஸைக் கழற்றினேன். இருவரும் சந்நிதிக்குள் நுழைவதுபோல் பவ்யமாக, காலுறைகளோடு உள்ளே போனோம்.

உள்ளே எல்லோர் காலிலும் ஷூ இருந்தது. அந்த ஊரில் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பையில் வேறு ஷூ கொண்டுவந்து, பூட்ஸைக் கழற்றியதும் அதை மாட்டிக்கொள்கிறார்கள். முப்பது வருடம் பண்டகசாலையிலும் லொறியிலும் இருந்த மனிதருக்கு இந்த வழக்கத்தில் முதல் பாதிதான் தெரிந்திருந்தது. வரவேற்பில் இருந்த பெண் எங்கள் கால்களைப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கூரையைப் பார்த்தார். என் இடது பெருவிரல் காலுறைக்கு வெளியே வந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணையை உள்ளே கூப்பிட்டார்கள். தடுப்புச் சுவர் கூரைவரை போகாததால் எல்லாம் கேட்டது. மேலாளர் அம்மா உற்சாகமாக வரவேற்றார். உங்களை நேரில் பார்க்கக் காத்திருந்தேன் என்றார். அண்ணை பதில் சொன்னார்.

மெல்லிய குரல். ஒவ்வொரு வார்த்தையாக, கண்ணாடிப் பாத்திரத்தைத் துடைத்து வைப்பதுபோல். உருளல் இல்லை, ஏற்றம் இல்லை. என் மாணவர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கேள்வி. அதே மெல்லிய குரல். அடுத்தது. கேள்விகளில் இருந்த உற்சாகம் வடிந்துகொண்டே வந்தது.

"மன்னிக்க வேண்டும். தொலைபேசியில் என்னோடு பேசியது யார்?"

"நான்தான், மேடம்."

"அது இந்தக் குரல் இல்லை. அதை நான் மறக்கவில்லை. உங்களுக்குப் பதிலாக வேறு யாரோ பேசியிருக்கிறார்."

"நான்தான், மேடம்" என்றார் அண்ணை மறுபடி. இந்தத் தடவை இன்னும் மெலிந்து. குரல் மாறினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்கே புரிந்தது. அவருக்குப் புரியவில்லையா? பேசுங்கள் அண்ணே, அந்த லொறிக்காரரிடம் பேசினதுபோல் பேசுங்கள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஃபைலை மூடும் ஓசை கேட்டது. இதற்குமுன்பும் இப்படி ஆள் மாற்றிப் பேசவைத்து வந்தவர்கள் உண்டு, வந்ததற்கு நன்றி என்றார் அம்மா.

நான் பொறுக்க முடியாமல் போய் அறை வாசலில் நின்று, அவர் பொய் சொல்லவில்லை என்றேன். நீங்கள் யார் என்றார் அம்மா. எழுத்தாளன் என்றேன். அவர் தலையைச் சாய்த்து என் குரலைச் சற்று நேரம் கேட்டார். தொலைபேசித் திருடன் இவனாக இருக்குமோ என்று சோதித்தார். என் செய்தி வாசிப்பு ஆங்கிலத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே சந்தேகம் தீர்ந்து, பார்வையை விலக்கிக்கொண்டார். அவ்வளவு விரைவாக நான் எதிலும் விடுதலையானதில்லை.

அண்ணை எழுந்து வெளியே நடந்தார். இதற்குள் மூன்று நான்கு லொறிக்காரர்கள் வந்து பூட்ஸை உதறிவிட்டுப் போயிருந்தார்கள். தட்டு குளமாகிவிட்டது. என் புரோக் இரண்டும் மூழ்காமலும் மிதக்காமலும் கிடந்தன. அண்ணை வேறு எங்கோ பார்த்தபடி ஷூவுக்குள் காலை விட்டார். உறைபனித் தண்ணீர் காலுறையைத் தாண்டிக் கணுக்கால்வரை. வழுக்கிய கால் மடங்காத முழங்காலை மடக்கியது.

அப்போது வந்தது. திருநீறு பூசிய சைவப்பழம், மைக்கைப் போலவே, இயேசுவையும் மரியாளையும் சூசையப்பரையும் ஒரே மூச்சில் துணைக்குக் கூப்பிட்டது. பிறகு அந்தத் தட்டை, தட்டைச் செய்தவரை, அவரைப் பெற்றவரை, பனியை, பனி பெய்கிற நாட்டைத் தேடிவந்த மடையனை, கடைசியில் தன் முழங்காலை, வரிசையாகத் திட்டியது. மொழிபெயர்க்க என்னிடம் திறமை உண்டு, துணிவு இல்லை. ரகரங்கள் அந்த வாசல் நடையில் உருண்டு எதிர்ச்சுவரில் மோதின. ஒவ்வொரு வசையும் மேட்டில் ஏறி நின்றது.

கண்ணாடிக் கதவு திறந்தது. மேலாளர் அம்மா நின்றார். பின்னால் வரவேற்புப் பெண்ணும், காப்பிக் கோப்பையோடு இரண்டு பேரும்.

"நீங்கள்தான்" என்றார் அம்மா.

அண்ணை ஒற்றைக் காலில் நின்று, ஒரு ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் அவர் சொன்ன உண்மை எதையும் நிரூபிக்கவில்லை. அரை நிமிட வசவு நிரூபித்துவிட்டது. அம்மாவின் முகம் சிவந்தது. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு, அடக்க முடியாமல், அதில் கொஞ்சத்தைத் திரும்பச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். அண்ணை ஈர ஷூ இரண்டையும் போட்டு, லேஸை நிதானமாக, இரட்டை முடிச்சாகக் கட்டினார். அதுவரை அத்தனை பேரும் நின்றார்கள். பிறகு அண்ணை மேலாளருக்கு முன்னால் உள்ளே போனார். திங்கட்கிழமை முதல் வேலை.

துறைமுகத்தை ஒட்டி, வண்ணவண்ணச் சரக்குப் பெட்டிகள் அடுக்கிய சாலையில் திரும்பினோம். அண்ணை வசந்தி அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அக்கா, வரும்போது இரவுக்குப் பாண் ரொட்டி வாங்கி வரச் சொன்னார். அண்ணை ஒரு கடையில் நிறுத்தி எனக்குப் பூட்டின் வாங்கிக் கொடுத்தார். பொரித்த உருளைக்கிழங்கை மொறுமொறுப்பு போகுமட்டும் குழம்பில் ஊறவைத்து, பல்லில் கீச்சிடும் பாலாடைக்கட்டியைப் போட்டுத் தருகிறார்கள். நன்றாகப் பொரித்ததற்குத் தண்டனை மாதிரி ஒரு பண்டம். இருந்தும் முழுவதும் தின்றேன். குற்ற உணர்ச்சிக்கு நல்ல பசி உண்டு.

"அண்ணே, எல்லாம் என்னாலதான். நேத்து நான் சொல்லிக் குடுத்ததை அப்படியே பேசினீங்க. வேலையே போயிருக்கும்."

அவர் முள்கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்தார். "நீங்கள் சொல்லித் தந்ததோ? அதை நான் சாப்பிட்ட கோப்பை கழுவேக்கையே மறந்திட்டன் தம்பி."

மயில் தோகையை மடக்கியது. "அப்ப ஏன் அப்படிப் பேசினீங்க?"

காரின் கண்ணாடியில் கூழ் வழிந்துகொண்டிருந்தது. அவர் வைப்பரைப் போடவில்லை.

"மேசைக்கு அங்கால ஒரு பொம்பிளை. கையில பைல். வந்த வருசம் என்ர அகதி விசாரணையும் இதே மாதிரித்தான். அந்த மேசையைக் கண்ட உடன அந்தக் குரல் தானா வந்திட்டுது. நான் கூப்பிடேல்லை. அண்டைக்கும் இதைத்தான் கேட்டவை. இது உன்ர கதையோ, வேற ஆரும் சொல்லித் தந்ததோ எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ர கதைதான், என்ர கதைதான் எண்டு சொன்னனான். மெல்லமா, மரியாதையா. நம்பேல்லை. பிறகு அப்பீல் போட்டு, வசந்தியை ஊரிலயிருந்து இஞ்ச கூப்பிட நாலு வருசம் பிந்திச்சுது." கடைசிக் கிழங்கை என் பக்கம் தள்ளினார்.

"அண்டைக்கு எனக்கு இங்கிலீசில ஏசத் தெரியாது தம்பி."